முட்டுக் கொடுத்த வீடு

ஓல்டவியர்டு, க்ரோனிங்கன்
18 செப்டம்பர் 2022

தங்கை ஹில்யேவுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்தது நான்தான். லைன் கோளாறு என்று உன் மகன் யோர்னிடம் சொல்லியிருப்பாய், திருத்திச் சொல்லிவிடு. "ஒரே ஒரு குளிர்காலம்தானே அண்ணா, உங்க ஊர் கேஸைக் கொஞ்சம் கூடுதலாத் திறந்துவிட்டா என்ன?" என்று கேட்டாய். உங்க ஊராம். இந்த வீட்டில் பிறந்தவள் நீ.

அறுபது வருஷமாக நம் காலடியிலிருந்து எரிவாயுவை எடுத்தார்கள். நிலம் உள்ளே அமர்ந்து, அமரும்போதெல்லாம் நடுங்குகிறது. தெற்குச் சுவர் விழாமலிருக்க வெளியே பெரிய மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நஷ்டஈட்டுக்காக விரிசலைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் நிலநடுக்கம் என்றார். இரண்டாம் ஆள் வீட்டுக்கு வயதாகிவிட்டது என்றார். மூன்றாமவர் ரொம்பப் பணிவானவர். "ஐயாவுக்குக் கதவை வேகமா சாத்துற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அவர் வெளியே போனதும் சாத்திக் காட்டினேன்.

கழிப்பறையில் மாட்டியிருக்கும் பிறந்தநாள் காலண்டரில் உன் பெயரை அடிக்கப் பென்சிலோடு போனேன். அதில் பெயர் இல்லாதவர் நமக்கு யாரோ. நவம்பர் பக்கத்தில் உன் பெயர் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. அதனால் பிழைத்தாய்.

கோபம் தீராத அண்ணன்,
எல்தோ

ஆல்டன்பாக், ஜெர்மனி
11 டிசம்பர் 2022

அன்புள்ள அண்ணா,

லைன் கோளாறு என்றுதான் சொன்னேன். திருத்தவில்லை.

ரஷ்யாவின் கேஸ் குழாய் நின்றதிலிருந்து எங்கள் பேக்கரியில் மூன்று அடுப்பில் ஒன்றுதான் எரிகிறது. நேற்று ஒருவர் விலையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ரொட்டிக் கடையா நகைக் கடையா?" என்றார். "நகைக் கடைக்கு கேஸ் பில் வராதே சார்" என்று யோர்ன் சிரித்தான். பிறகு பின்கட்டில் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அண்ணா. ரஷ்யா நடத்தும் போரைச் செய்திகளில் பார்க்கும்போது அவர்களைத் திட்டுகிறேன். ஆனால் அவர்களுடைய மலிவான கேஸில்தான் இத்தனை காலம் ரொட்டி சுட்டேன். இரண்டும் நான்தான்.

நம் வீட்டுக்கு கேஸ் வந்த அன்று அப்பா கரி வாளியைத் தூக்கிக் கால்வாயில் எறிந்துவிட்டு அம்மாவோடு ஆடினாரே, ஞாபகமிருக்கிறதா? நீயும்தான் ஆடினாய். கோபப்படாமல் பதில் சொல். உன்னைக் கேட்டால் திறப்பாயா, மாட்டாயா? ஊரைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

உன்,
ஹில்யே

ஓல்டவியர்டு
5 மார்ச் 2023

ஹில்யே,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம், பதில் இல்லை. அந்தக் கரி வாளியை மறுநாளே கால்வாயிலிருந்து எடுத்து வந்தது நான் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அழிந்துபோன நாகரிகங்களைப் பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்துவிட்டேன். அழிகிற வருஷத்தில் அந்த மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. விறகு விலையைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். நம் ஊரைப் பற்றியும் ஒன்று கிடைத்தது. கடல் ஏறி வராமலிருக்க முன்னோர்கள் சாணியும் களிமண்ணும் கொட்டிக் கொட்டி உயர்த்திய மேடு இது. பிறகு வந்தவர்கள் அதே மண்ணை உரத்துக்கென்று படகு படகாக விற்றார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் மேடு வெட்டினாற்போல் நிற்பது அதனால்தான். விற்றவர்களில் நம் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். இது எனக்குப் பிடிக்கவில்லை. இனி நான் யாரைத் திட்டுவது?

போன வாரம் ஊர்க்கூட்டம். கேஸ் கிணறுகளை அடியோடு மூடுவதா, கடும் குளிருக்கென்று வைத்துக்கொள்வதா என்று கை தூக்கச் சொன்னார்கள். மூட வேண்டும் என்று கிட்டத்தட்ட எல்லாரும் தூக்கினார்கள். என் கை முழங்கால்மேல் இருந்தது. வைத்திருக்கலாம் என்று நாலைந்து பேர் தூக்கினார்கள். அப்போதும் என் கை அங்கேயேதான் இருந்தது. பக்கத்து வீட்டு வுப்கே குனிந்து, "என்ன எல்தோ, தூங்கிட்டியா?" என்றாள்.

"முழிச்சுதான் இருக்கேன். அதுதான் தொந்தரவு" என்றேன்.

மூடச் சொல்லாதது உன் அடுப்புகளுக்காக. திறக்கச் சொல்லாதது இந்தச் சுவருக்காக. இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள். வுப்கே இப்போது என்னோடு பேசுவதில்லை.

எல்தோ

ஆல்டன்பாக்
2 ஏப்ரல் 2023

அண்ணா,

உன் கடிதத்தை யோர்னுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமாகிட்ட இன்னும் சொல்லலியாம்மா?" என்றான்.

சொல்லவில்லை. ஜனவரியிலேயே பேக்கரியை மூடிவிட்டோம். நீ யாருக்காகக் கை தூக்காமல் இருந்தாயோ, அந்த அடுப்புகளை அதற்கு முன்பே கழற்றி வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். யோர்ன் வடக்கே ஒரு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கப்பலில் வரும் கேஸை இறக்கும் வேலை.

உன்னை ஊருக்கு விரோதியாக்கிவிட்டேன், அதுவும் இல்லாத அடுப்புக்காக. உனக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் அழுகை வருகிறது, பிறகு உன்மேலேயே கோபம் வருகிறது. ஏன் என்று கேட்காதே. கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ஹில்யே

ஓல்டவியர்டு, தற்காலிக வீடு
22 அக்டோபர் 2023

ஹில்யே,

எழுதாதே என்றாய். இலையெல்லாம் உதிரும்வரை பொறுத்தேன், போதும்.

இந்த மாதம் முதல் தேதி கிணறுகளை நிறுத்திவிட்டார்கள். ஊரில் கேக் வெட்டினார்கள். நான் போகவில்லை. வுப்கே ஒரு துண்டைக் கொண்டுவந்து, "இந்தா, ரெண்டு பக்கமும் சேராத ஆளுக்கு" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நிலம் இன்னும் பல வருஷம் நடுங்குமாம். யோர்ன் இறக்கும் கேஸ் எந்த நாட்டு நிலத்தடியிலிருந்து வருகிறது என்று அவனிடம் கேள். அங்கேயும் ஒருவன் கதவைச் சாத்திக் காட்டிக்கொண்டிருப்பான்.

இனி முட்டுக் கொடுத்தும் தாங்காது என்று நம் வீட்டை அடுத்த வாரம் இடிக்கிறார்கள். அப்பாவின் கரி வாளியை இங்கே கொண்டுவந்துவிட்டேன். இந்த வீட்டில் கரி அடுப்பும் இல்லை, கேஸும் இல்லை. ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

இங்கேயும் கழிப்பறையில் காலண்டரை மாட்ட ஆணி அடித்தேன். சுவரில் விரிசல் விழவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், அப்போதும் விழவில்லை.

நவம்பர் பக்கத்தில் நீ இருக்கிறாய். உன் பிறந்தநாளன்று யோர்னையும் கூட்டிக்கொண்டு வா. நீ மறுபடி கேட்டாலும் நான் கேஸைத் திறக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம். கேக்கைக் கடையில் வாங்கி வைக்கிறேன். அது எந்த கேஸில் வெந்தது என்று நான் விசாரிக்கமாட்டேன். நீயும் விசாரிக்காதே.

அண்ணன்,
எல்தோ