முன்னால் ஒரு பூச்சியம்

16.2.98 திங்கள்

காலையில் கடும் பனி. பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

தினமும் எழுதிவைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆளில்லை, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. ஆனால் இந்த எண்ணைப் பற்றித் தோட்டத்து லயத்தில் யாரிடம் பேசுவது?

ஒன்றைப் பதினேழால் வகுத்தேன். பதினாறு இலக்கம் போய் மறுபடி முதலிலிருந்து. புள்ளியை எடுத்துவிட்டால்:

0588235294117647

இரண்டால் பெருக்க 1176470588235294. அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. மூன்றால், நான்கால், பதினாறு வரை இப்படியே. பதினேழால்? பதினாறு ஒன்பதுகள்!

அண்ணி எட்டிப் பார்த்தாங்க. "என்ன புள்ள, காலையில பேரு பதிய பெரட்டுக்கு ஆள் நிக்கிற மாதிரி நம்பர நிறுத்தி வச்சிருக்க?"

17.2 செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்னமும் சித்திரமும் தையலும்தான். கணிதப் பட்டதாரி! சேர்ந்த அன்று அதிபர் என்ன பாடம் வேண்டும் என்று கேட்டார். எதுன்னாலும் பரவாயில்லை சேர் என்றேன். அதன் பலன்.

பதினோராம் வகுப்புக் கணித மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். யாருக்கு எந்தப் பாடம் என்று வெள்ளிக்கிழமை நேரசூசி முடிவு. அந்த வகுப்பை வர்த்தக மாஸ்டருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். தனக்குக் கணக்கு வராது என்று அவரே புலம்புகிறார். டிசம்பரில் சோதனை. கணிதம் தவறினால் அந்தப் பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பு இல்லை. தேயிலைக் கொழுந்துக் கூடைதான்.

வாங்க: ஊசி, மண்ணெண்ணெய்.

18.2 புதன்

மாஸ்டர் இல்லாததால் பதினோராம் வகுப்புக்கு ஒரு பாடவேளை ரிலீஃப் போனேன். எண்ணைப் பலகையில் எழுதினேன். பழக்கதோஷம், முன்னால் பூச்சியத்தை விட்டுவிட்டேன். பதினைந்து இலக்கம்தான்; பெருக்கினால் சுற்றவில்லை. முகம் சுட்டது. பிறகு பூச்சியத்தைப் போட்டேன். சுற்றியது.

நடுவில் கோடு போட்டு இரண்டு பாதியையும் கூட்டச் சொன்னேன். 05882352, 94117647. எட்டு இலக்கமும் ஒன்பது.

கொழுந்து குறைந்த நாளில் அம்மாமாருக்கு அரைநாள் வேலை என்று பதிவார்கள், 'அரைப்பேர்'. பின்வரிசை வாங்கில் யோகேஸ்வரி எழும்பாமலே சொன்னாள்:

"டீச்சர், ரெண்டு அரைப்பேரு சேந்தா முழுப்பேரு. கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிராதீங்க, ஒத்துக்க மாட்டாரு."

வகுப்பே சிரித்தது. நானும்.

ஒன்றைப் பதின்மூன்றால் வகுத்தும் பார்த்தார்கள். 076923. அரைப்பேர் சரி. இரண்டால் பெருக்கினால் 153846, வேறு இலக்கங்கள். ஏன் டீச்சர்? மணி அடித்துவிட்டது. நாளைக்கும் வருவீங்களா என்று யோகேஸ்வரி கேட்டாள். தெரியாது என்றேன்.

19.2 வியாழன்

பதின்மூன்றுக்கு ஆறு ஆறாக இரண்டு வட்டம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எதால் பெருக்கினாலும் அந்த இரண்டில் ஒன்றில் விழும். பதினேழுக்கு ஒரே பெரிய வட்டம். பத்தொன்பதுக்கும் ஒன்றுதான். எந்த எண்ணுக்கு எத்தனை வட்டம் என்று முன்கூட்டியே சொல்ல வழியுண்டா? அந்தப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கவேண்டும்.

அதிபரின் அறை வரை போனேன். என்ன பிள்ளை என்றார். பலகையில் எழுத வெண்கட்டி கேட்டேன். இரண்டு பெட்டி தந்தார். வந்துவிட்டேன்.

20.2 வெள்ளி

மூடுபனி. மைதானம் தெரியவில்லை. அதிபர் பென்சிலோடு நேரசூசியில் குனிந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; குரல் பெரிது, கோபம் இல்லை.

"வாசல்லை நிண்டு என்ன செய்யிறீர்? உள்ளை வாரும்."

போனேன். உட்காரவில்லை.

"சேர், பதினோராம் வகுப்புக் கணிதத்த எனக்குத் தாங்க."