மாங்கொட்டைக் கரி

ஓசூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிரியதர்ஷினிக்கு,

பூங்கொடி அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்தால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்? கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். பெங்களூரு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நீ வேலை மாறிப் போன நாளிலிருந்து உன் குரல் மட்டும் எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி வரவில்லை. இதோடு வைத்திருக்கும் பெரிய கவரைப் பிறகு பிரி. முதலில் இதைப் படி.

காலேஜ் செய்தி கேள். பதினொரு மணி டீக்கு இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. யாராவது ஒருவர் எல்லோருடைய மேசையையும் தட்டிக்கொண்டே போவாரே, அந்தத் தட்டல் எனக்கு முந்தின மேசையோடு நின்றுவிடுகிறது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னைத் துணைக்கு அழைத்துப்போன விஜயகுமார் சார், வராந்தாவில் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? மதியச் சாப்பாடும் லேபில்தான். அங்கே பெருக்க வந்த மாதம்மாள், ஏங்க மேடம், பிரியா மேடம் இருந்திருந்தா இப்படித் தனியா குந்திச் சாப்பிட உடுவாங்களா என்று கேட்டார். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. நாகரசம்பட்டி பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து கொட்டை மூட்டைகளை உன் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். என் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டு, ஈ மொய்த்து, வீட்டுக்காரர் சரோஜம்மாள் காலி பண்ணச் சொல்லிக் கத்தியதை மறந்திருக்கமாட்டாய். அந்தக் கொட்டையைக் கரியாக்கி, முலாம் பூசும் பட்டறையின் கழிவுத் தண்ணீரைத் தெளிய வைத்த அன்று பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாய். கடைசியில் காப்புரிமைக்குப் போன பெயர்கள் துறைத்தலைவர் வெங்கட் சாரும் சேர்மனின் மருமகன் பாலாஜியும். பாலாஜி நம் லேபுக்குள் வந்ததே ஒரு முறைதான், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு. மேலிடத்துப் பெயரை முதலில் போடுவது இங்கே வழக்கம்தான். நம் பெயரை அடியோடு எடுத்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். உடனே காலேஜில் என்மேலேயே விசாரணை வைத்தார்கள், பொய்ப் புகாராம். கூட இருந்தது யார் என்று கேட்டபோது உன் பெயரைச் சொன்னேன். அவர் வந்து சொல்லட்டும் என்றார்கள். அத்தனை போனும் அதற்குத்தான்.

நீ ஏன் எடுக்கவில்லை என்று சிங்காரப்பேட்டையில் உன் வீட்டுக்குப் பேசிய பிறகுதான் புரிந்தது. உன் அம்மா அழுதார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் புது வேலை போய்விடும் என்றார்கள். இந்தக் காலேஜில் சேரும் அன்றே எல்லாவற்றையும் ஆபீஸ் பீரோவில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள்தானே நாம். நீ விலகிய பிறகும் உன்னுடையதை அவர்கள் திருப்பித் தரவில்லை. நீ எனக்காக வாயைத் திறந்தால் அந்த பீரோ திறக்காது.

வியாழக்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். ஆய்வில் எனக்குப் பங்கில்லை, புகார் தவறு, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்றார். வெங்கட் சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேல, எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு என்றார். முடியாது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. எழுதித் தருகிறேன், பிரியதர்ஷினியின் சர்டிபிகேட்டுகளை இப்போதே என் கையில் கொடுங்கள் என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னுடையதைத்தான் கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது கவரைப் பிரி. பத்தாம் வகுப்பிலிருந்து பிஎச்டி வரை எல்லாம் இருக்கிறதா பார்த்துக்கொள். கணக்கில் நூற்றுக்கு நூறா நீ? இத்தனை வருஷத்தில் சொல்லவே இல்லையே!

அந்தக் கரி என்னுடையது இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், பிரியா. இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது. அது நம்முடையது என்று சொல்ல மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். சொல் என்று கேட்கமாட்டேன். அதற்காக இதை அனுப்பினேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

புது இடத்தில் நல்ல பெயர் எடு. செய்த வேலைக்கெல்லாம் உன் பெயர் நிற்கட்டும். கவர் கிடைத்ததும் ஒரு போன் செய். அதிகம் பேச வேண்டாம், வந்துடுச்சு அக்கா என்றால் போதும். பதினொரு மணிக்குச் செய். அப்போது நான் லேபில் தனியாகத்தான் இருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்
பூங்கொடி அக்கா