ஒரே கை படாத இரண்டு எஞ்சின்கள்

இன்று காலை எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் பம்பு கசிகிறது என்று உத்தமபாளையத்திலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். பழைய ரப்பர் வளையத்தை நோண்டி எடுத்து எறிந்துவிட்டு, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு, விரல் நுனியில் எண்ணெய் தொட்டு அதன் மேல் மெல்லத் தடவினார். புது ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் அப்படியே வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பாய், தலை சுத்துதா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு ஆள் ஞாபகம் வந்துருச்சு" என்றேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். நன்றியை மட்டும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

நாம் ஊரில் சந்தித்துக்கொண்டதே இல்லை. நீ ராயப்பன்பட்டி, நான் உத்தமபாளையம். சைக்கிள் மிதித்தால் எட்டிவிடுகிற தூரம்தான். ஆனாலும் சென்னையில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரின் சாப்பாட்டு அறையில்தான் நம் அறிமுகம். பக்கத்து மேசையில் நீ போனில் யாரிடமோ, "அங்கன வச்சுட்டுப் போயிட்டாகளாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நம் ஊர்ப் பேச்சான அந்த 'அங்கன'வைக் கேட்டதும் நான் தட்டோடு எழுந்து வந்து உன் எதிரில் உட்கார்ந்தேன். ஒரே வயது, ஒரே பள்ளத்தாக்கு. ஊரிலிருந்து நீ டப்பாவில் கொண்டுவரும் பன்னீர் திராட்சை பஸ்ஸிலேயே பாதி நசுங்கியிருக்கும். அதை ஸ்பூன் போட்டுத் தின்போம்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. வேலை முடிந்தது, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அது. நீ டெக்னீசியன். வேலை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், கையெழுத்துத்தான் போட முடியாது. தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறியிருந்தாய். ஆங்கிலக் கேள்வியை இரண்டு தடவை படித்தால்தான் உனக்குப் பிடிபடும். அதற்குள் நேரம் போய்விடும். அதனால் ஹேங்கருக்குள் என்னை 'சார்' என்பாய். கேட்டைத் தாண்டிவிட்டால் 'மாப்ள'.

அந்த நாளைப் பற்றி நாம் பிறகு அதிகம் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

மறுநாள் ஊரில் என் தங்கைக்கு நிக்காஹ். மாலை கம்பம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரண்டு எஞ்சின் கொண்ட ஜெட் விமானம் ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. மறுநாள் காலை அது பயணிகளோடு கிளம்ப வேண்டும். இரண்டு எஞ்சினிலும் எண்ணெய்ப் பாதையில் இருக்கும் சிறு காந்த அடைப்பானை மாற்றுவது என் வேலை. எஞ்சினுக்குள் ஏதாவது தேய்ந்தால் உதிரும் உலோகத் துகளை அந்தக் காந்தம் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். அதைத் திருகிப் பூட்டும்போது எண்ணெய் கசியாமலிருக்க இரண்டு ரப்பர் வளையங்கள் போட வேண்டும். நம் ஸ்டோரிலிருந்து வழக்கமாக வளையங்களை மாட்டியேதான் அனுப்புவார்கள். அன்றைக்கு மாட்டாமல் வந்திருந்தது. நான் பார்க்கவில்லை. இடது எஞ்சினில் பூட்டினேன். சற்று நேரம் எஞ்சினைச் சுற்றவிட்டோம். கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வலது எஞ்சினுக்கு வந்தபோது நீ அங்கே நின்றாய். சக்கர வேலையை முடித்துவிட்டு வந்திருந்தாய். அடைப்பான் இருந்த பாக்கெட் உன் கையில் இருந்தது.

"சார், இடது பக்கம் நீங்க பாத்துட்டீங்க. வலது பக்கம் இன்னொருத்தர் பாக்கணும்" என்றாய்.

எனக்கும் தெரிந்த விதிதான். இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையை, ஒரே சமயத்தில், ஒரே ஆள் செய்யக் கூடாது. ஆனால் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் நான்கு மணிக்குத்தான் வருவார். அவர் வந்து முடிக்கிற வரை நான் காத்திருந்து விமானத்தை ஒப்படைக்க வேண்டும். பஸ் போய்விடும்.

"பத்து நிமிஷ வேலைடா. குடு" என்றேன்.

நீ குரலைத் தாழ்த்தினாய். 'சார்' போய்விட்டது. "மாப்ள, ஒரு எஞ்சின் போனா இன்னொண்ணுல இறங்கிரலாம். அதுக்குத்தான் ரெண்டு வச்சிருக்கு. ரெண்டுலயும் ஒரே கை பட்டுச்சுன்னா அது ரெண்டு எஞ்சினா? ஒண்ணுதான."

"நான் என்ன நேத்து வந்தவனா? என் வேலையில இதுவரைக்கும் தப்பு வந்திருக்கா?"

"வரலங்கறதுக்காக வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

சொல்லிவிட்டு பாக்கெட்டை உன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"லைசென்ஸ் உனக்கா எனக்கா? மூணு தடவை எழுதி ஒரு தடவை பாஸாகத் துப்பில்ல, நீ எனக்கு விதி சொல்றியா?"

ஹேங்கரே கேட்கும்படி கத்தினேன். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் முகம் எப்படிப் போயிற்று என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பொத்தானை மட்டும் நீ கழற்றவில்லை.

நான்கு மணிக்கு வந்த அந்த எஞ்சினியர் வலது பக்கத்தைப் பார்த்தார். பாக்கெட்டில் வளையங்கள் இல்லை என்று ஸ்டோரில் கேட்டு வாங்கி மாட்டினார். இடது பக்கமும் இல்லாமல் வந்திருக்குமோ என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியதாம். நான் கவனித்திருப்பேன் என்று நம்பி, என்னிடம் கேட்காமல் விட்டுவிட்டார். நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்தேன்.

மறுநாள் நிக்காஹ் முடிந்து பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நீ.

"மாப்ள, எல்லாரும் நல்லா இருக்காக. மொதல்ல இதக் கேட்டுக்க. எல்லாரும் நல்லா எறங்கிட்டாக."

இன்று வரைக்கும் நான் வியப்பது அந்த வரிசையைத்தான். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொன்னாய். முந்தின நாள் அத்தனை பேர் நடுவில் உன்னை அப்படிப் பேசியவனிடம்.

"என்னடா ஆச்சு?"

"மேல போன கொஞ்ச நேரத்துலயே இடது எஞ்சின்ல எண்ணெய் எறங்கிருச்சு. பைலட் அத நிறுத்திட்டு, வலது எஞ்சினோட திரும்பி வந்துட்டாரு. கழட்டிப் பாத்தோம். வளையம் இல்ல மாப்ள."

"ஒண்ணுமா?"

"ரெண்டும் இல்ல."

கையிலிருந்த கரண்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பந்தலுக்கு வெளியே போய் நின்றேன். வலது எஞ்சினையும் நான் பூட்டியிருந்தால் அதிலும் வளையம் இருந்திருக்காது. இரண்டும் சேர்ந்து எண்ணெய் வற்றி, இரண்டும் சேர்ந்து நின்றிருக்கும். பந்தலுக்குள் என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விமானத்துக்குள்ளும் யாரோ ஒருவருடைய தங்கை இருந்திருப்பாள்.

"ஆபீசுல அவகளா கூப்பிடற வரைக்கும் காத்திருக்காத. நீயே வந்து சொல்லிரு" என்றாய். பிறகு போனை வைத்துவிட்டாய்.

அன்று மாலையே சென்னைக்குக் கிளம்பி வந்து, மறுநாள் நானே சொன்னேன். வளையம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை, அவசரம், இரண்டாவதையும் நானே செய்யப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விசாரித்தவர்கள் உன்னையும் கூப்பிட்டார்கள். ஏன் பாக்கெட்டைத் தரவில்லை என்று கேட்டதற்கு, "விதி சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு மாதத்துக்கு என் கையெழுத்து செல்லாது என்றும், திரும்பப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றும் முடிவாயிற்று. அது நியாயம்தான்.

ஆனால் அந்த போனுக்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் 'சார்' என்று தலையசைத்துவிட்டுப் போவாய். கேட்டைத் தாண்டியும் 'சார்'தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ லீவில் ஊருக்குப் போயிருக்கிறாய் என்று தெரிந்ததும் நானும் வந்து, ராயப்பன்பட்டிக்கு வண்டியை விட்டேன்.

வீட்டில் உன் அம்மாதான் இருந்தார்கள்.

"வாங்க தம்பி. வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்கான், வந்துருவான். நீங்க பாளையத்துப் பையனா? உங்களப் பத்தி நெறையச் சொல்லுவான்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம் தயங்கிக் கேட்டார்கள். "ஆபீசுல எதுவும் பிரச்சினையா தம்பி? பரீச்சப் புத்தகத்தையெல்லாம் சாக்குல கட்டிப் பரண்ல போட்டுட்டான். இனிமே எழுத மாட்டானாம். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

நான் கத்தியதன் விலை என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நான்தான்மா காரணம்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. "ஏணி பின்னால இருக்கு தம்பி" என்றார்கள்.

நீ சேற்றுக் காலோடு வந்தபோது நான் பரண் மேல் இருந்தேன், தலையெல்லாம் ஒட்டடை.

"ஏலே, அங்கன என்னடா செய்ற?"

'சார்' இல்லை. அந்த 'ஏலே'யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுரு மாப்ள. தப்பாப் பேசிட்டேன்" என்று மேலிருந்தே சொன்னேன். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல எறங்கு. விழுந்து தொலைச்சா அதுக்கு வேற நான் பதில் சொல்லணும்" என்றாய். சாக்கு மூட்டையைக் கீழே வாங்கி வைத்தாய். அதை அவிழ்த்தது உன் அம்மா.

கையெழுத்துச் செல்லாத என் ஆறு மாதமும் உனக்குத்தான் போயிற்று. சென்னையில் உன் அறையில் வேலை முடிந்ததும் உட்காருவோம். நான் ஆங்கிலத்தில் கேள்வியைப் படிப்பேன். நீ தமிழில் பதில் சொல்லுவாய். பிறகு கேள்வியை நீயே படிப்பாய், மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. நான்காவது தடவை தேறினாய். "ஆத்தா, பாஸாயிட்டேன்" என்று போனில் நீ கத்தியது அன்றைக்கு நான் கத்தியதைவிடச் சத்தமாக இருந்தது.

அதற்கப்புறம் வந்த வருடங்கள்தான் என் வேலையில் நல்ல வருடங்கள். இரண்டு பேரிடமும் லைசென்ஸ் இருந்ததால் ஒரே விமானத்துக்கு நம்மைச் சேர்த்துப் போடுவார்கள். இடது நான், வலது நீ. முடித்ததும் உன் வேலையைப் பார்க்க என்னைக் கூப்பிடுவாய். என் வேலையைப் பார்க்க, கூப்பிடாமலேயே வந்து நிற்பாய். ஒரு தடவை நீ பூட்டிய அடைப்பானில், அது கழலாமலிருக்கப் போடும் பாதுகாப்புக் கம்பியைக் கட்டாமல் விட்டிருந்ததை நான் கண்டுபிடித்தேன். உனக்கு வெட்கமே இல்லை. "பாத்தியா, நானும் மனுசந்தான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாய். "என் கைய நானே நம்பறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல மாப்ள" என்பாய். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய், தடவிப் பார்ப்பாய், 'வளையம் இருக்கு' என்று சத்தமாகச் சொல்லுவாய். பக்கத்தில் நிற்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

லீவில் ஊருக்குப் போனவன் நெஞ்சு வலி என்று தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். மதுரையில் இறங்கி நான் வந்து சேர்ந்தபோது மாதா கோயிலிலிருந்து உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில்தான் உன்னைப் பிடிக்க முடிந்தது. ஒரு கைப்பிடி மண் போட்டேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் உனக்காக இறைவனிடம் துஆ செய்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீகளா தம்பி" என்றார்கள். வெகுநேரம் கையை விடவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினேன். வலது பக்கத்துக்கு வேறொருவர் வந்தார். முடித்ததும் என்னிடம் வந்து, "கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். பிறகு அவரை என் பக்கம் கூட்டிவந்தேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். முன்பெல்லாம் என் வேலையை இன்னொருவர் பார்ப்பதை அவமானமாக நினைப்பேன். இப்போது யாரும் பார்க்காமல் போனால்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாதம் என் மனைவியை முதல் தடவையாக விமானத்தில் கூட்டிப்போனேன், மதுரையிலிருந்து சென்னைக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து, இறக்கைக்குக் கீழே தெரிந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது நின்னுபோச்சுன்னா?"

"அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு."

"அதுவும் நின்னுபோச்சுன்னா?"

"ரெண்டையும் ஒரே ஆளத் தொட விட்டிருக்க மாட்டாக."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்களா பாத்தீங்க இத?"

இல்லை என்றேன். அந்த விமானத்தைப் பார்த்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துக்கு ஒருவர், அந்தப் பக்கத்துக்கு ஒருவர் என்று எங்கோ இரண்டு பேர். ஒருவர் அவசரப்பட்டிருந்தால் மற்றவர் கொடுக்காமல் நின்றிருப்பார். அப்படி நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேகத்துக்கு மேலே போவதற்கு முன்பே நான் தூங்கிப்போனேன் என்று பிறகு சொல்லிச் சிரித்தாள்.