கேமராவைத் தூக்கிப் பார்த்த கதை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். நீயும் மகளும் நலமென்று நம்பித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

நீ கேட்ட ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவைப் பார்க்கப் போனேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது. நம் மொழி பேசும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். பெரியது பறக்கிற குருவியையும் தெளிவாகப் பிடிக்குமாம். சின்னது கொஞ்சம் மந்தமாம். நான் ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இது பூசணிக்கா இல்ல, எடை பாத்து வாங்குறதுக்கு. ஒரு படம் எடுத்துப் பாருங்க."

"படத்த அவ பாத்துக்குவா தம்பி. கை வலிக்குதான்னு நான் பாக்குறேன்."

போன வாரம் கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து என் மணிக்கட்டு லேசாகப் பிசகிவிட்டது. பதறாதே, அதே கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் பழைய எழுத்தேதான். மாடிப்படியில் விழுந்து முறிந்த உன் கை எதைத் தாங்கும் என்று அறிய அந்த வலி உதவியது. பெரியதைப் பிடித்தபோது கை நடுங்கியது.

"கை சரியாயிருச்சு" என்று நீ போனில் சொன்னால் நம்புகிற ஆளா நான்? ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடி, பெரிய கேமராவும் ஏறக்குறைய அந்த எடைதான். உண்மையை மகள் சொல்லட்டும். நடுங்கினால் சின்னதுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், குருவி உட்கார்ந்த பிறகு எடுத்துக்கொள்.

நீ தேய்த்துவிடும் தைலத்தில் ஒரு புட்டி அனுப்பு. இங்கே நானேதான் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீ அனுப்பும் படங்களில் குருவி, பூனை, துணிக்கொடி எல்லாம் இருக்கின்றன, நீதான் இல்லை. சர்க்கரையோடு நிற்கும்போது மகளை ஒரு படம் எடுக்கச் சொல்.

உன் வீட்டுக்காரன்