மூடிக்குள் இருந்த தாள்

ஜூன் 3
ஊரில் இந்தக் காய்ச்சல் பரவியதிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை. "நீ வாயத் தொறந்து பேசினாலாவது நாலு பேரு வருவாங்க" என்கிறார் முதலாளி. மெஷினோடு என்ன பேசுவது?

ஜூன் 5
சுகாதார நிலையத்து அக்கா மூன்று காப்பி எடுத்துக்கொண்டு ஓடினார். அசலை மெஷின் மூடிக்குள்ளேயே விட்டுவிட்டார். எல்லோரும் செய்கிற தப்புதான். ஆனால் இது மார்க் ஷீட் இல்லை. எங்கள் தெருவில் காய்ச்சல் உறுதியான பதினோரு பேர். வீட்டு எண், போன், ஏற்கெனவே உள்ள நோய், எல்லாம்.

இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். அதற்குள் தெருச் சங்கத்துச் செயலாளர் பார்த்துவிட்டார்.

"அந்த லிஸ்ட்தானே? எனக்கும் ஒண்ணு எடும்மா. குரூப்ல போட்டா எல்லாரும் உஷாரா இருப்பாங்க."

"எடுத்துக் குடேன், ஏன் முழிக்கிற?" - முதலாளி.

"மாட்டேன்." எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

செயலாளர் சிரித்தார். "ஏன், உங்க வீட்டுப் பேரும் இருக்கோ?"

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். நேராகச் சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய் அக்கா கையில் தாளைக் கொடுத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

ஜூன் 6
பால்காரர் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்.

ஜூன் 7
அம்மாவிடம் தைக்கக் கொடுத்த துணியை இரண்டு வீட்டார் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா வெடித்துவிட்டாள். "நமக்குத்தான் ஒண்ணும் இல்லையே! இல்லைன்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

சொல்லலாம். ஒரே வார்த்தை. ஆனா நான் சொன்னா அடுத்த வீட்ல கேப்பாங்க. அப்புறம் அதுக்கடுத்த வீட்ல. கடைசியில எவ வாயத் தொறக்காம நிக்கிறாளோ அவதான்னு கண்டுபிடிச்சிடுவாங்க. நானா அதுக்கு வழி காட்டணும்? மாட்டேன். என்ன வேணா நெனச்சுக்கட்டும்.

ஜூன் 9
"வர்றவங்க பயப்படுறாங்க. கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றார் முதலாளி. மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தேன். அழவில்லை. தெருமுனை வரைக்கும் அழவில்லை.

ஜூன் 12
செயலாளர் வீட்டுக்கே வந்தார். வாசலிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு அம்மாவிடம் கேட்டார். "நேராவே கேக்குறேன். இருக்கா, இல்லையா?"

நான் கதவுக்குப் பின்னால். சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

தையல் மெஷின் நின்றது.

"உங்க வீட்ல யாரு யாரு என்ன மாத்திரை போடுறாங்கன்னு மொதல்ல நீங்க சொல்லுங்கண்ணே. அப்புறம் நான் சொல்றேன்."

அவர் செருப்புச் சத்தம் தெருவில் வேகமாகத் தேய்ந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னடி பாத்துட்டு நிக்கிற? ஊசியில நூலைக் கோத்துக் குடு."