ராஜாவுக்கு ஒரு பாவம்

ஜூன் 24, வியாழன்

இல்லை, ராஜா கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால் வேலை சுலபம்.

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. நாற்றங்காலில் தண்ணீர் மிஞ்சிவிட்டதென்று அப்பா குடையில்லாமல் போயிருக்கிறார்.

வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருநாள் நாடகம். கட்டியக்காரன் பேசும் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வேஷம் சவரிமுத்து மாமாவுக்கு, ஊர்த் தையல்காரர். நேற்று வாசலில் நின்று:

"பட்டணத்துல படிச்ச புள்ள நீ. ஆளுக்கு ஒரு வரி, பாவத்த மட்டும் எழுதிக் குடு. ராகம் நான் போட்டுக்கிறேன்."

எங்கள் ஊர் நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் மேடைக்கு வந்ததும் கட்டியக்காரன் அதன் பாவத்தை உரக்கச் சொல்வான். வேஷம் கட்டியவர் முழங்காலிட்டு "ஏற்றேன்" என்று சொல்லவேண்டும். மறுநாள் காலை பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது தன் பாவங்களோடு வேஷத்தின் பாவத்தையும் சொல்லிவிட்டு வருவார். வேறு ஊரில் இப்படி இல்லை. விடுதியில் சொன்னபோது தோழிகள் நம்பவில்லை.

கதை: ராஜா மூத்த மகளை அண்டை நாட்டானுக்குக் கட்டிக்கொடுக்கிறான். இனி இவளுக்கு என் கோட்டைக் கதவு திறக்காது என்று சபையில் வாக்கு. புருஷன் வதைக்கிறான். மகள் ஓடி வந்து கதவைத் தட்டுகிறாள். மழை. ராஜா திறக்கவில்லை. விடிந்தால் வாசலில் பிணம். ராஜா மாரில் அடித்துக்கொண்டு பாடுவான். ஊரே அழும். ராஜாவுக்காக.

பழைய வரிகளில் மாமாவுக்கு நினைவிருப்பவை:
மகள் – அடங்காமை.
மாப்பிள்ளை – கோபம்.
மந்திரி – பொறாமை.
சின்ன மகள் (மதில்மேல் நின்று ஒப்பாரி வைப்பவள்) – பாவமறியாப் பேதை.
ராஜா – பாவமில்லை. சொன்ன சொல் காத்த வேந்தன். அவன் முழங்காலிட வேண்டியதில்லை.

எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ராஜா வேஷம் என் அப்பாவுக்கு.

ஜூன் 25, வெள்ளி

சாரல் விட்டது. காற்று. மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஒரு பக்கம் பறந்துவிட்டது.

கூடப்பிறந்தவள், ஞானக்காவுக்குத் தலை வாரினேன். இடது கையை அவளால் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. போன வாரம் புருஷன் வீட்டை விட்டு, மலைமேல் ஏலத்தோட்டத்திலிருந்து, மெட்டுப் பாதையில், தனியாக இறங்கி வந்தவள். அத்தான் அங்கே கங்காணி. கை என்னவென்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "விறகுக்கட்டை" என்றாள். விழுந்ததா, ஓங்கியதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுப்படியில் அம்மாவும் அப்பாவும். காதில் விழுந்தது:

"மாப்பிள்ள ஆளு விட்டிருக்காக. திருநா முடிஞ்சதும் கொண்டாந்து விடணும்னு சொன்னாகளாம்."

"விடுவோம். கல்யாணப் பந்தல்ல நாலு பேர் முன்னால என்ன சொன்னேன்? இனி இவ ஒங்க வீட்டுப் பொண்ணு, இங்கன வந்து நின்னா நானே திருப்பி அனுப்புவேன்னேன்."

"அவ கையி..."

"கை சரியாப் போகும்."

வண்டி திங்கட்கிழமை.

கல்லூரியில் ஒரு தேர்வுக் கேள்வி: துன்பியல் நாயகனின் குறை யாது? பக்கம் பக்கமாக எழுதினேன். ஓரத்தில் பேராசிரியர் "நன்று" என்று போட்டிருந்தார். ஒரு மனிதன், ஒரு குறை, அதனால் வீழ்ச்சி. எழுத எவ்வளவு வசதியாக இருந்தது. வாசலில் கிடப்பவளைப் பற்றி அந்த விடையில் ஒரு வரி எழுதினேனா? நினைவில்லை.

நாடகத்து வரிகளை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அடங்காமை என்றதும் சிரித்தாள். வந்த பிறகு முதல் சிரிப்பு.

"ராசாவ விடு. அந்தத் தங்கச்சிக்காரி மேல நின்னு ராகம் போட்டு அழுவாளே, அவளுக்குச் சாவி எங்கன தொங்குதுன்னு தெரியாதாக்கும்?"

"அவ சின்னப் புள்ளக்கா."

"ஆமா, பாட மட்டும் பெரிய புள்ள."

சிக்கெடுக்கும்போது மெதுவாக என்றாள். 

ஜூன் 26, சனி

வெயில், மேகம், மறுபடி வெயில். மூத்த மகள் வேஷத்துக்கு இன்னாசி மீசை எடுக்க மாட்டேன் என்கிறானாம். முக்காட்டால் மறைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மை தீர்ந்துவிட்டது. உ.பாளையத்திலிருந்து வாங்கிவரச் சொல்லவேண்டும்.

எழுதிவிட்டேன். மகள்: பாவமில்லை, போக வேறு இடமில்லாமல் வீட்டுக்கு வந்தவள். ராஜா: அகந்தை, பெற்ற பிள்ளைக்கு மேலே தன் சொல்லை வைத்தவன். மாப்பிள்ளை, மந்திரி, சின்ன மகள் வரிகளில் கைவைக்கவில்லை.

சவரிமுத்து மாமா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். காதில் செருகியிருந்த ஊசியை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார்.

"ஏ ஆத்தா, ஒங்கய்யாவ முழங்கா போடச் சொல்றியா? பூசையிலயே அந்த ஆளு பாதி முழங்கால்தான்."

"வேஷத்துக்குத்தானே மாமா."

"வேஷத்துக்குன்னா நீ ஏன் இப்பிடி வேர்க்கிற?"

ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார்.

பயமாக இருக்கிறது. பயத்துக்கு அடியில் ஒரு மகிழ்ச்சியும். ஊர் முன்னால் கேட்டால் அவருக்குப் புரியும். கட்டாயம் புரியும். ஆனால் இது நியாயமா? நேருக்கு நேர் சொல்ல முடியாததைத் தையல்காரர் வாயில் வைத்து அனுப்புகிறேன்.

ஜூன் 28, திங்கள், காலை

நேற்று எழுத முடியவில்லை. நாடகம்.

அக்கா வரவில்லை. ஊர்க் கண்ணில் படவேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். ராயப்பன்பட்டி பேண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி ஈசல். ராஜா வந்தார். மாமா வரியைப் பாடினார், என் வார்த்தைகள், அவர் ராகம். கூட்டம் அடங்கிவிட்டது. அப்பா நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு முழங்காலும் தரையில் பட உட்கார்ந்து, "ஏற்றேன்."

எனக்குப் பின்னால் ஒருத்தி: "ராசா முழங்கா போட்டதுல எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு, தாயி."

கதவுக் கட்டம் வந்தது. அப்பாவின் கை தாழ்ப்பாள்வரை போனது. எந்த வருஷமும் அப்படிச் செய்ததில்லை.  அங்கேயே கொஞ்சம் நின்று கை திரும்பி வந்தது. அப்பா அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை.

இன்று முதல் பூசைக்குப் போய்வந்தார். முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் தெளிவு. கஞ்சி கேட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"ராசா பாவத்த எறக்கி வெச்சாச்சு. ஒரு செபமாலை சொல்லச் சொன்னாரு சாமியாரு. வர்ற வழியிலயே முடிச்சிட்டேன். நீ எழுதுன வரியாமே? நல்லாருந்துச்சுத்தா. வர்ற வருசமும் அதவே வெச்சுக்கிருவோம்."

குடித்த கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"ஞானத்தக் கெளம்பச் சொல்லு. வண்டி கட்டுறேன். வெயில் ஏறுறதுக்குள்ள மெட்டு அடிவாரம் போயிறணும்."

அவர் பொய்யர் அல்ல. உண்மையாகவே முழங்காலிட்டார், உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார். ராஜாவுக்காக. ராஜாவுக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அதே நாள், பிறகு

மச்சு ஜன்னலருகே எழுதுகிறேன். கீழே வாசலில் வண்டி. அம்மா மாப்பிள்ளைக்கு முறுக்கு கட்டிக்கொண்டிருக்கிறாள், வாழைநார் அறுந்து அறுந்து போகிறது. அக்கா, கல்யாணத்துக்கு எடுத்த சேலையில். ஒற்றைக் கையால் கொசுவம் வைத்தது, கோணல். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தேவலை.

அழுகை வருகிறது. நன்றாக வருகிறது.

ராஜா – அகந்தை. சரி. மாப்பிள்ளை – கோபம். மந்திரி – பொறாமை.
சின்ன மகள் –

வருஷா வருஷம் அவளுடைய ஒப்பாரிக்குத்தான் கைதட்டல் அதிகம். மதிலிலிருந்து இறங்கப் படி இருக்கிறது. மேடையில் வர்ணம் அடித்தே வைத்திருக்கிறார்கள், நீல வர்ணம். அவளை அதில் யாரும் இறக்கியதில்லை. நானும் எழுதும்போது இறக்கவில்லை. பேதை என்றே விட்டுவிட்டேன். இரண்டு நாள் அப்பாவின் குறையைத் தேடிக்கொண்டிருந்தேன், தேர்வு எழுதுகிறவளைப்போல.

அப்பா கீழிருந்து கூப்பிடுகிறார், வந்து வழியனுப்பச் சொல்லி.

பிறகு. இறங்கிப் போனேன். அப்பா சாட்டையோடு நின்றார். "என்னத்தா?" என்றார். வண்டியில் ஏற்றியிருந்த அக்காவின் தகரப் பெட்டியை இறக்கி, மச்சுக்குத் தூக்கிவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திரும்பப் போய் நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன்.