அனைவருக்கும் அனுமதி

மார்ச் 4, செவ்வாய்
அலுவலகக் கோப்புகளையெல்லாம் புது சர்வருக்கு மாற்றினேன். யார் எதைத் திறக்கலாம் என்று ஆள் ஆளாக அனுமதி கொடுக்க வேண்டும். காலையிலிருந்து, "எனக்குத் திறக்கலை" என்று போன் மேல் போன். எரிச்சலில் மொத்தத்துக்கும் 'அனைவருக்கும்' என்று கொடுத்துவிட்டேன். போன் ஓய்ந்தது. நாளை சரிசெய்ய வேண்டும்.

மார்ச் 5
பிரிண்டரோடு மல்லுக்கட்டு.

மார்ச் 10, திங்கள்
வரவேற்பு மேசைப் பெண்ணிடம் யாரோ, "கவலைப்படாதம்மா, அடுத்த தடவை நல்லபடியா தங்கும்" என்றிருக்கிறார்கள். கரு கலைந்ததை அவள் விடுப்புக் கடிதத்தில் மட்டும்தான் எழுதியிருந்தாளாம். சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும், பணியாளர் பிரிவு அக்காவிடம் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும்தானேக்கா தெரியும்?"

சர்வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். விடுப்புக் கடிதங்கள் அத்தனையும் ஆறு நாளாகத் திறந்தே கிடக்கின்றன. மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11
அக்காவிடம் மேலாளர் விளக்கம் கேட்டிருக்கிறார். அக்கா நேரே என்னிடம் வந்தார். "தம்பி, என் கம்ப்யூட்டரை யாராச்சும் நோண்டியிருப்பாங்களா? கொஞ்சம் பாரேன்."

பார்ப்பதுபோல் நடித்தேன். அரை மணி நேரம்! அக்கா டீ வேறு வாங்கி வந்து வைத்தார். குடித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்?

மார்ச் 12
மனைவியிடம் சொன்னேன். "வேலை போயிடும்னு பயமா?" என்றாள். அது இல்லை. அந்த இரண்டு பேர் முகத்தையும் எப்படிப் பார்ப்பது?
"இப்ப மட்டும் பாக்க முடியுதா?"

மார்ச் 13, வியாழன்
மேலாளர் அறையில் அவர், அக்கா, அந்தப் பெண் மூன்று பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சர்வர் பதிவில் இருந்ததையும் சொன்னேன் — கடிதத்தைத் திறந்தவர்கள் பதினொரு பேர்.

"யார் யாரு?" என்றாள் அந்தப் பெண். நான் வாயெடுப்பதற்குள் கையை உயர்த்தினாள். "வேணாம். தெரிஞ்சா நான் யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடறது?"

அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. வேலை போயிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்குமோ?

ஏப்ரல் 2
வரவேற்பு மேசைப் பெண் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். இன்று கடைசி நாள். அவளுடைய கம்ப்யூட்டர் கணக்கை மூடச் சொல்ல அக்கா வந்தார்.

"மூடிட்டுச் சொல்றேன்கா."

"இல்லை சார், நான் இருக்கேன். பண்ணுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முடிக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.